குறவனும் குறத்தியும் இடையில் ஒரு முட்டை ஓடும்

இடுக்கி அணைக்குக் கதவு கிடையாது.

முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. மழை வலுக்கும் ஆண்டுகளில் "இடுக்கி அணை திறக்கப்படுகிறது" என்று தொலைக்காட்சியில் அலறுவார்கள். பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் என் பெரியப்பா உடனே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வளைந்த சுவரில் கதவு எங்கே இருக்கிறது என்று தேடுவார். இருந்தால்தானே கிடைக்கும்? திறக்கப்படுவது பக்கத்தில் இருக்கும் செறுதோணி அணை. அது சாதுவான, நேரான, 138 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் அணை. மின்சாரத்துக்கான தண்ணீர் மூலமற்றம் மின்நிலையத்துக்குப் போவதோ குளமாவு அணைப் பக்கமிருந்து. மூன்று அணைகளும் சேர்ந்துதான் ஒரே ஏரியைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஒருவர் கதவைத் திறக்கிறார், ஒருவர் விளக்கெரியத் தண்ணீர் தருகிறார், மூன்றாமவர் வளைந்து நிற்கிறார். தபால்தலை அழகோடு படம் பிடிக்கப்படுகிறவர் அந்த மூன்றாமவர்தான். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் இது அதிர்ச்சி தராது.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் யாரைக் கண்டாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "முதுகு நேரா!" கூன் போட்டு உட்கார்ந்தால் ஸ்கேலால் முதுகில் ஒரு தட்டு. அவருக்கு இடுக்கி அணையைப் பிடிக்காது. "169 மீட்டர் உயரம் கட்டத் தெரிஞ்சவனுக்கு நேரா ஒரு கோடு போடத் தெரியலையா?" என்பார். தண்ணீருக்குப் பயந்து வளைந்து குனிந்து நிற்கிற அணை என்பது அவருடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்யத்தான் இந்தக் கட்டுரை.

வேட்டைக்குப் போனவரும் வழி சொன்னவரும்

'இடுக்கு' என்றால் என்னவென்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்து இடுக்கு, பல் இடுக்கு, விரல் இடுக்கு. மலையாளத்திலும் அதே பொருள்தான். பெரியாறு இரண்டு பாறை மலைகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்து போன இடம் இடுக்கி. ஒரு மலைக்குப் பெயர் குறவன்மலை, உயரம் 839 மீட்டர். மற்றொன்று குறத்திமலை, 925 மீட்டர். மனைவி 86 மீட்டர் கூடுதல் உயரம். இருவரும் ஏதோ ஒரு சாபம் வாங்கிக் கல்லாகிப்போனார்கள் என்பது ஊர்க்கதை. சாபம் வாங்கியும் பிரியாமல் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில யுகங்கள் அப்படியே போயிருக்கும்.

1932-இல் மலங்கரா எஸ்டேட்டின் சூப்பரின்டெண்டென்ட் டபிள்யூ.ஜே. ஜான் இந்தக் காட்டுக்கு வேட்டையாட வந்தார். வழிகாட்டியாகக் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவரைக் கூட்டிக்கொண்டார். காட்டில் கொலும்பனுக்குத் தெரியாத மரமும் இல்லை, மேடும் இல்லை. அவர்தான் ஜானை இந்த இடத்துக்கு அழைத்துவந்து குறவனையும் குறத்தியையும் காட்டினார், கதையையும் சொன்னார். கதை கேட்ட மற்றவர்கள் என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். ஜான், இங்கே ஒரு அணை கட்டினால் என்ன என்று யோசித்தார். ஒரு கணவன் மனைவி நிம்மதியாக எதிரெதிரே நிற்பதைப் பார்த்தவுடன் நடுவில் சுவர் எழுப்பலாமா என்று தோன்றுவதற்கு ஒரு தனி மனநிலை வேண்டும். அதற்குத் தொலைநோக்கு என்று பெயர்.

புத்தகங்களில் 'கண்டுபிடித்தவர் ஜான்' என்றே இருக்கும். தன் வீட்டு வாசலை ஒருவர் அடுத்தவருக்குக் காட்டினால், பார்த்தவருக்குக் கண்டுபிடித்த பெருமையும் காட்டியவருக்குச் சிலையும் கிடைக்கும் என்பது உலக வழக்கம். கொலும்பனுக்கும் அணைக்கருகே சிலை இருக்கிறது.

வேட்டை முடிந்தது, கோப்பு தொடங்கியது. திருவிதாங்கூர் சமஸ்தானம் யோசித்தது. இத்தாலியப் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து போனது, சுதந்திரம் வந்தது, சமஸ்தானம் போனது, மாநிலம் பிறந்தது. குறவனும் குறத்தியும் காத்திருந்தார்கள். கல்லாகிவிட்டவர்களுக்கு அரசாங்கக் கோப்பின் வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஒருவழியாகக் கனடா நாட்டின் கடனும் உதவியும் வந்தன. மாண்ட்ரியல் நகரத்து சர்வேயர், நெனிகர், ஷெனவேர் நிறுவனம் ஆலோசனை சொல்ல, ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி கட்ட, 1969 ஏப்ரல் 30 அன்று வேலை தொடங்கியது. ஜான் வேட்டைக்கு வந்து 37 வருஷம் ஆகியிருந்தது.

நேரே நிற்பவர்கள் சங்கம்

அதுவரைக்கும் நம் பக்கத்து அணைகள் பெரியப்பா கட்சி. எங்கள் பாலக்காட்டு மலம்புழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 அக்டோபரில் காமராஜர் திறந்துவைத்தார். பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் படுத்த ஆள் மாதிரி நீட்டிக் கிடக்கும். இடுக்கி மாவட்டத்திலேயே இருக்கும் முல்லைப் பெரியாறு 1895-இல் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டியது. (அதன் வழக்கு விவகாரங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்குக் கம்பத்திலும் சம்பந்தி உண்டு, குமுளியிலும் உண்டு.) இந்த வகை அணைகளின் தத்துவம் ஒன்றுதான்: கனம். தண்ணீர் தள்ளும், நான் நகரமாட்டேன், ஏனென்றால் நான் குண்டு. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிட்ட பெரியவர்களின் தத்துவமும் இதுவே.

இந்தத் தத்துவத்தில் ஒரு சிக்கல். உயரம் கூடக் கூட அடிப்பக்கமும் பெருத்துக்கொண்டே போக வேண்டும். எடையால் நிற்கும் அணைக்கு அடிப்பகுதியின் அகலம் உயரத்தில் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் வரும். 169 மீட்டர் உயரத்துக்கு அந்தக் கணக்குப்படி அடியில் 120 மீட்டருக்கு மேல் வேண்டும். அத்தனை கான்கிரீட்டையும் மலையேற்ற வேண்டும், அதற்கான காசும் மலையேற வேண்டும்.

இடுக்கி அணையின் அடிப்பகுதி கனம் 19.81 மீட்டர். உச்சியில் 7.62 மீட்டர். அவ்வளவுதான். ஏரி நிறைந்திருக்கும்போது அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் தண்ணீர் சுமார் 160 டன் எடையோடு தள்ளும். ஒரு கோலம் போடும் இடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட யானைகள் சாய்ந்து நிற்பது போல. அதற்கு முன்னால், இருக்க வேண்டிய கனத்தில் ஆறில் ஒரு பங்கு உடம்போடு ஒருவன் நிற்கிறான். ஒல்லியாக இருந்தும் அடிதடிக்குப் போகிறவனிடம் ஏதாவது வித்தை இருக்க வேண்டுமல்லவா?

வித்தையின் பெயர் குவிபரப்பு.

கோழி, ஹூக், நாவலாசிரியரின் அப்பா

வித்தையை முதலில் கண்டுபிடித்தது கோழி. முட்டை ஓட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முட்டையின் அகலம் நாலரை சென்டிமீட்டர் அளவு. விகிதம் போட்டுப் பார்த்தால் கான்கிரீட் அணைகள் வெட்கப்பட வேண்டும். அந்த ஓட்டின் மேல் தாய்க்கோழி மூன்று வாரம் உட்கார்ந்து எழுகிறது. உடைவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஈரக் குஞ்சு, எலும்பு முற்றாத அலகால் கொத்தித் திறந்துகொண்டு வெளியே வருகிறது. வெளியிலிருந்து அழுத்தினால் ஓட்டின் ஒவ்வொரு துணுக்கும் பக்கத்துத் துணுக்கை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளிருந்து குத்தினால் துணுக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகும். சுண்ணாம்பும் கல்லும் கான்கிரீட்டும் ஒரே ஜாதி: நெருக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். கான்கிரீட்டின் இழுவைத் தாங்குதிறன், நெருக்கத்தைத் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இத்தனை ஆலோசனைக்கும் கோழிக்கு யாரும் கட்டணம் கொடுத்ததில்லை.

மனிதர்களில் இதைக் கணக்காக யோசித்தவர் லண்டனின் ராபர்ட் ஹூக். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது தனக்கென ஒரு வடிவம் எடுக்கும். அதில் இழுவிசை மட்டும்தான் இருக்கும். அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால் நெருக்குவிசை மட்டும்தான் இருக்கும், வளைவு விழாது. இதைக் கண்டுபிடித்த மனிதர் ஊரைக் கூட்டிச் சொன்னாரா? இல்லை. 1670களில் ஒரு புத்தகத்தின் கடைசியில் அந்த வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராக அச்சிட்டார். யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயம். முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்ற அத்தாட்சியும் வேண்டும். சாம்பார்ப் பொடி அளவைத் திருப்பித் திருப்பி எழுதி, மருமகளுக்குப் புரியாமல் டப்பாவுக்கு அடியில் ஒட்டிவைத்த பாட்டிகளை எனக்குத் தெரியும். ஹூக் அந்த வம்சம். அவர் 1703-இல் செத்த பிறகுதான் புதிருக்கு விடை வெளியே வந்தது.

அணையை வளைத்துக் கட்டுவதும் இடுக்கியில் தொடங்கியதில்லை. ஹைதராபாத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மீர் ஆலம் ஏரிக்கரையில் 21 அரைவட்ட வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரே பெரிய வளைவுக்குத் துணிவில்லாமல் 21 சின்ன வளைவுகள். தைரியத்தைத் தவணை முறையில் வாங்குவதுபோல. பிரான்சில் ஏக்ஸ் நகரத்துக்கு அருகே பிரான்சுவா சோலா என்ற பொறியாளர் ஒரு வளைவு அணைக்குத் திட்டம் போட்டார். அது கட்டி முடிவதற்குள் 1847-இல் காலமாகிவிட்டார். 1854-இல் அணை எழுந்தது. இன்று சோலா என்றால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது அவர் மகன் எமில் சோலா, நாவலாசிரியர். அப்பா கட்டிய அணை தண்ணீரைத் தடுத்தது, மகன் எழுதியதை யாராலும் தடுக்க முடியவில்லை.

வாழையிலை வைத்த பரீட்சை

வளைவில் இரண்டு வகை உண்டு. பந்தியில் இலை போடுகிற பையனைக் கவனியுங்கள். வாழையிலையைத் தட்டையாக ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தலை கவிழ்ந்துவிடும். அதனால் அவன் இலையின் குறுக்கே லேசாக ஒரு குழிவு கொடுத்துப் பிடிப்பான். இலை விறைத்து நீண்டு நிற்கும். ஜெர்மனியின் காவுஸ் 1827-இல் இந்தப் பையனுக்கு நிரூபணம் எழுதிக் கொடுத்தார்: தட்டையாகப் பிறந்த பரப்பை நீட்டாமல் கிழிக்காமல் ஒரே சமயத்தில் இரண்டு திசையிலும் வளைக்க முடியாது. ஒரு திசையில் வளைத்தால் மறு திசையில் அது நேராக நின்றே ஆக வேண்டும். தன் தேற்றத்துக்குத் தானே 'மிகச் சிறந்த தேற்றம்' என்று லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டார். அடக்கம் வேறு யாருக்காவது வேண்டியிருக்கலாம் என்று விட்டுக்கொடுத்திருப்பார்.

இரண்டு திசையிலும் வளைய வேண்டுமானால் பிறவியிலேயே அப்படிப் பிறந்திருக்க வேண்டும், முட்டையைப் போல. மறையூரில் கரும்புப்பாகைக் கையால் உருட்டி எடுக்கும் சர்க்கரை உருண்டை போல. இடுக்கி அணை இந்த இனம். மேலிருந்து பார்த்தால் கிடையாக ஒரு வளைவு, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் நெடுகிலும் ஒரு வளைவு. கிடைவளைவும் வட்டத்துண்டு இல்லை, பரவளையம். நடுவில் நன்றாக வளைந்து, ஓரத்துக்கு வர வர நிமிரும் கோடு. அதனால் தண்ணீரின் தள்ளல் மலையின் மேல்தோலில் வழுக்கிப் போகாமல் நெஞ்சுக்குள் ஆழமாகப் பாயும். பள்ளியில் எனக்குப் பரவளையம் சொல்லிக்கொடுத்தது பெரியப்பாதான். அப்போது "எதுக்குப் பெரியப்பா இது?" என்று கேட்டேன். அதற்கும் ஸ்கேல்தான் பதில் சொன்னது.

இந்த இனத்தைப் பற்றி அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1813-இல் பிரான்சின் கோஷி, தட்டையான முகங்களால் மூடிய எந்தக் குவிந்த பெட்டியும், விளிம்புகளில் கீல் வைத்திருந்தால்கூட, அசையாது என்று நிரூபித்தார். வழவழப்பான, முழுதாக மூடிய குவிபரப்புக்கும் அது பொருந்தும் என்று 1927-இல் கோன்-ஃபோசன் காட்டினார். குவிபரப்புகளின் உள்வடிவியல் என்று 1948-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியவர் ரஷ்யாவின் அலெக்ஸாண்ட்ரோவ். அவர் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தின் தலைவர், தேர்ந்த மலையேறியும்கூட. பகலில் மலையின் குவிவில் தொங்குவார், இரவில் காகிதத்தின் குவிவில் தொங்குவார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்கள் சொன்னதில் நமக்கு வேண்டிய சமாசாரம் ஒன்று உண்டு. முழுதாக மூடியிருக்கும் வரைதான் குவிபரப்புக்கு அந்த விறைப்பு. ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் மீதி நெகிழ்ந்துவிடும். பிளாஸ்டிக் பந்தை அழுத்திப் பாருங்கள், முறைக்கும். பாதியாக வெட்டிவிட்டு அழுத்துங்கள், தொட்டாற்சிணுங்கி போலச் சுருங்கும். ஆனால் வெட்டிய விளிம்பை எதிலாவது இறுக்கிப் பொருத்திவிட்டால் பழைய திமிர் திரும்பிவிடும்.

அணை என்பது முழு முட்டை இல்லை. ஓட்டில் உடைந்த ஒரு சில்லு. அதன் விளிம்பை யாராவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் குறவன், மறு பக்கம் குறத்தி. அணை எழுந்து தண்ணீர் ஏறத் தொடங்கிய 1973 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு இருவரும் இப்படிப் பேசியிருப்பார்கள்:

"ஏய்யா, தோள்ல என்னமோ வந்து சாயுதே."

"எனக்கும்தான் சாயுது. உன் பக்கம்னு நினைச்சேன்."

"விட்டுரலாமா?"

"இத்தனை காலம் சும்மாதானே நின்னோம். பிடிச்சுக்க."

இந்த உரையாடல் நடக்காத இடங்களும் உண்டு, அங்கே சிரிக்க முடியாது. பிரான்சின் மால்பாசே வளைவு அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்து 423 பேர் இறந்தார்கள். வளைவு தப்பு செய்யவில்லை. இடது கரைப் பாறை நகர்ந்துவிட்டது, தோள் கொடுத்தவன் கையை விட்டான். நான்கு வருஷம் கழித்து இத்தாலியின் வயோண்டில் மலை ஒன்று ஏரிக்குள் சரிந்தது. எழும்பிய அலை அணையைத் தாண்டிப் போய் ஏறக்குறைய 2,000 பேரைக் கொண்டுபோனது. 261 மீட்டர் உயரமுள்ள அந்த அணை இன்றும் நிற்கிறது, பின்னால் காக்க ஏரி இல்லாமல். இடுக்கியைக் கட்டியபோதும் தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். வளைவைப் பற்றி வேடிக்கையாக எழுத நம்மை மிச்சம் வைத்தவர்கள் அவர்கள்.

1969: வளைவுகளின் ஆண்டு

சரி, மறுபடியும் 1969. இடுக்கியில் அணைவேலை தொடங்கிய அதே ஆண்டில், எங்கள் மலம்புழாத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் என்ற சிற்பி இன்னொரு குவிபரப்பை முடித்தார். அதன் பெயர் யட்சி. உட்கார்ந்திருக்கும் 30 அடி உயரப் பெண், உடம்பில் ஒரு நூல் துணி கிடையாது. நேராக நீட்டிப் படுத்திருந்த அணைக்கு முன்னால், ஒரு நேர்கோடுகூட இல்லாத உடம்பு. ஊர் கொதித்தது. ஒழுக்கம் என்னாவது, பண்பாடு என்னாவது, குழந்தைகளைத் தோட்டத்துக்கு எப்படிக் கூட்டிப் போவது? கவலைப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு தடவை போய் நேரில் பார்த்துவிட்டுத்தான் கவலைப்பட்டார்கள். தெளிவாகக் கவலைப்படச் சிலர் இரண்டு தடவையும் போனார்கள். இன்று யட்சி கேரளச் சிற்பக்கலையின் பெருமை. முன்னால் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஆண்டில் பாலக்காட்டில் ஒரு வளைவு, இடுக்கியில் ஒரு வளைவு. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் அபிப்பிராயம் சொன்னார்கள். இரண்டாவதற்குப் பரவளையம் தெரிய வேண்டியிருந்தது.

1976 பிப்ரவரி 12 அன்று பிரதமர் இந்திரா காந்தி இடுக்கித் திட்டத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூலமற்றத்தில் மலைக்குள்ளே குடைந்த மின்நிலையம், இப்போது மொத்தத் திறன் 780 மெகாவாட். நாள் எது என்று கவனித்தீர்களா? நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். பத்திரிகைகள் வளைந்திருந்தன, அதிகாரிகள் வளைந்திருந்தார்கள், சில முதுகுகள் தரையையே தொட்டுவிட்டன. தேசமே அழுத்தம் வந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக வளைந்து நின்றபோது, திறப்புவிழா மேடைக்கருகே ஒருவன் மட்டும் அழுத்தம் வரும் திசையை நோக்கி வளைந்து நின்றான். அதை அன்று யாரும் செய்தியாகப் போடவில்லை. போட்டிருந்தாலும் தணிக்கையில் போயிருக்கும்.

பெரியப்பா பார்த்த முதுகு

2018 ஆகஸ்ட் 9. பெருமழை. ஏரி முழுக்கொள்ளளவான 2403 அடியை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஏரியின் நீர்மட்டத்தை, கடல்மட்டத்திலிருந்து, இன்றும் அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். கேரளத்தில் அந்த வாரம் சின்னக் குழந்தைகூட 2398, 2399 என்றுதான் எண்ணப் பழகியது. 26 வருஷத்துக்குப் பிறகு செறுதோணியின் ஷட்டர் உயர்ந்தது. மறுநாள் ஐந்தும் திறந்தன. செறுதோணிப் பாலத்தின் மேல் தண்ணீர் பாய்ந்தது. தொலைக்காட்சிகள் எல்லாம் 'இடுக்கி திறந்தது' என்றன, திரையில் இடுக்கியின் படத்தைப் போட்டுக்கொண்டே. வெள்ளமெல்லாம் செறுதோணி வழியாகப் போயிற்று, பெயரெல்லாம் இடுக்கிக்குப் போயிற்று. இடுக்கியோ அந்த நாளிலும் வழக்கம்போல ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் அதற்கு இட்ட வேலை.

வெள்ளம் வடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஓணத்தை ஒட்டி அணையைப் பார்க்க அனுமதிக்கும் நாட்களில், பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மூணாறு. மறையூரில் பெருங்கற்கால மனிதர்கள் நிறுத்திய கல்திட்டைகளைக் காட்டினேன். நாலு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். "பார்த்தியா, அவனுக்கே நேரா வைக்கத் தெரிஞ்சிருக்கு," என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் வைத்திருந்த குவி ஆடிகளில் தன் முகம் பருத்துத் தெரிவதை ஒவ்வொரு வளைவிலும் கண்டித்துக்கொண்டே வந்தார்.

முதலில் கீழிருந்து பார்த்தோம். இரு மலைக்கு நடுவே, மேகம் தொட, சாம்பல் நிறத்தில் குழிந்து நின்றது. பெரியப்பா திருப்தியோடு தலையாட்டினார். "நான் சொல்லலை? குனிஞ்சு நிக்கறான்."

பிறகு மேலே போனோம். உச்சியில் நடக்க 365.85 மீட்டர். நேராகப் போட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்று நடக்கும்போதே கணக்குப் போட்டார். நடுவில் வந்ததும் நின்றார். இடப்பக்கம் அதலபாதாளம், பெரியாறு ஓடிய பழைய இடுக்கு. வலப்பக்கம் ஏரி, கண்ணுக்கெட்டிய வரை. ஏரிப்பக்கக் கைப்பிடிச் சுவரில் கைவைத்து எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கத்துக் கான்கிரீட் குழிந்திருக்கவில்லை. தண்ணீரை நோக்கிப் புடைத்துக்கொண்டு, வயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல, கீழே நீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் குழி ஆடிக்கும் குவி ஆடிக்கும் வித்தியாசம் கேட்டால் "எந்தப் பக்கம் நிக்கறேன்னு முதல்ல சொல்லு" என்று எங்களை மடக்கியவர் அவர். அதே கேள்வி இப்போது அவரிடமே வந்திருந்தது.

"டேய்," என்றார் கடைசியில். "நாம இத்தனை வருஷமா போட்டோவுல பாக்கறது அவன் முதுகுடா."

"ஆமா பெரியப்பா."

"தண்ணிக்கு நெஞ்சைக் காட்டிட்டு நிக்கறான்."

காற்று பலமாக அடித்தது. அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, லேசாகக் கூன் விழுந்திருக்கிறது. நானும் சொன்னதில்லை, யாரும் சொன்னதில்லை. ஏரியைப் பார்த்தபடி ஒரு கையை இடுப்பில் வைத்து, முடிந்த மட்டும் மார்பை முன்னால் தள்ளி நின்றார். இன்னொரு கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.